வவுச்சர் இல்லாத சத்தம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு கோடவுன். எங்கள் பேங்கில் சி.சி. வாங்கியிருக்கும் பார்ட்டி. மாசா மாசம் அவர்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டும் உள்ளே கிடக்கும் மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்கப் போயிருந்தேன். இங்கே கோடவுனைப் ‘பாண்டிகசால’ என்பார்கள். நம்ம ஊர்ப் பண்டகசாலைதான், கடல் காற்றில் கொஞ்சம் மாறிவிட்டது. சுக்கு வாசனை ஒரு பக்கம், மிளகு நெடி ஒரு பக்கம், தும்மிக்கொண்டே எண்ணி முடித்தேன்.

மூலையில் ஒரு பழைய ஸ்ப்ரிங் எடை மெஷின் இருந்தது. சுவர்க்கடிகாரம் மாதிரி பெரிய வட்ட டயல். இப்போதெல்லாம் அதில் யாரும் மிளகு நிறுப்பதில்லை, எலக்ட்ரானிக் வந்தாயிற்று. சும்மா ஏறி நின்றேன். 78 கிலோ (வீட்டில் சொல்லவில்லை). ஆனால் முள் நிற்கவில்லை. மயிரிழை அளவு மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருந்தது.

“அனங்ஙாதெ நில்க்கூ சாரே” என்றார் எடை போடுகிறவர்.

நான் அசையவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அப்பவும் முள் ஆடியது. ஏதோ தோன்றி மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி ஒரு துடிப்பு, முள் ஒரு துடிப்பு. இரண்டும் கூடவே போயின.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதை 1877லேயே ஒருவர் பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார் என்று. ஜே. டபிள்யூ. கார்டன் என்பவர். ஸ்ப்ரிங் எடை மெஷின் மேல் நின்றவருடைய முள் இதயத்தோடு சேர்ந்து ஆடுவதைக் கவனித்திருக்கிறார். காரணம் சுலபம். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் சுமார் 70 மில்லி ரத்தத்தை முதலில் மேல் பக்கமாகத்தான் வீசுகிறது. துப்பாக்கி சுட்டால் தோள் பின்னுக்குப் போகிற மாதிரி, ரத்தம் மேலே போனால் உடம்பு கீழே அழுந்துகிறது. ரத்தம் வளைவில் திரும்பிக் கீழே இறங்கும்போது உடம்பு மேலே எழும்புகிறது. நாம் எல்லோரும் நாள் முழுக்க இப்படி ஆடிக்கொண்டேதான் இருக்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அன்று ராத்திரி முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது என் அக்கா.

அக்காவுக்கு 11 வயசில், 1985ல், தொண்டை வலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபிறகு மூட்டு வீங்கியது. இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என்று இடம் மாறி மாறி வீங்கியது. பாட்டி வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினாள். “வளர்ற பிள்ளை, கை கால் குடைச்சல் இருக்கத்தான் செய்யும்” என்றார்கள். சரியாகவும் போய்விட்டது. அப்புறம் 1998ல், அக்கா மாசமாக இருந்தபோது, ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் எங்களுடையது சின்ன ஊர். அங்கே இருந்த டாக்டர் சேலைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பத்து விநாடி கேட்டு, “ஒண்ணுமில்லை, ரத்த சோகை” என்று இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் காதுக்கு எதுவும் கேட்கவில்லை, அதனால் எதுவும் இல்லை என்றார்.

இங்கேதான் என் பேங்க் புத்தி குறுக்கே வருகிறது. ஒரு என்ட்ரி போட்டால் அதற்கு வவுச்சர் வேண்டும். கேஷியர் “நான் எண்ணினேன், சரியாக இருந்தது” என்று சொன்னால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா? ஆனால் இதயத்தின் சத்தம் விஷயத்தில் பல நூறு வருஷம் கணக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருவர் கேட்டேன் என்பார், இன்னொருவர் கேட்கவில்லை என்பார். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

இதில் ஒரு பழைய சண்டை உண்டு. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிரூபித்த வில்லியம் ஹார்வி, 1628ல் வெளியிட்ட தன் புத்தகத்தில், குதிரை தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு மடக்குக்கும் சத்தம் கேட்கிற மாதிரி நெஞ்சுக்குள் துடிப்புக்கு ஒரு சத்தம் கேட்கும் என்று எழுதினார். வெனிஸ் நகரத்து டாக்டர் எமிலியோ பாரிசானோ அதற்கு நக்கலாகப் பதில் போட்டார். வெனிஸில் எங்களில் ஒருவருக்கும் அப்படி எதுவும் கேட்கவில்லை, லண்டனில் கேட்கிறது என்றால் நல்லது, சந்தோஷம் என்கிற தோரணையில். ஹார்வி என்ன செய்ய முடியும்? தன் காதைக் கழற்றி வெனிஸுக்கு பார்சல் அனுப்பவா முடியும்?

அடுத்து 1816, பாரிஸ், நெக்கர் ஆஸ்பத்திரி. ரெனே லேனெக் என்ற டாக்டரிடம் ஒரு இளம்பெண் வருகிறாள். இதயக் கோளாறு. கொஞ்சம் பருமனான உடம்பு. அந்தக் காலத்து வழக்கப்படி நெஞ்சில் நேரே காதை வைத்துக் கேட்க வேண்டும். அவருக்குக் கூச்சம். ஒரு கொத்துக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இது. 1819ல் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்டதால் பிறந்த கருவி. அதே கருவி, 182 வருஷம் கழித்து, அதே கூச்சத்தால், சேலைத் துணிக்கு மேலே உட்கார்ந்து எங்கள் அக்காவைக் கோட்டை விட்டது. துணி உரசும் சத்தத்தில் மென்மையான சத்தமெல்லாம் அடிபட்டுப் போகும் என்று எந்த மெடிக்கல் மாணவரும் சொல்வார்.

லேனெக் கதையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அவரும் தப்பு செய்திருக்கிறார். லப்-டப் என்ற இரண்டில், லப் என்பது கீழறைகள் சுருங்கும் சத்தம் என்றார், அது போகட்டும். டப் என்பது மேலறைகள் சுருங்கும் சத்தம் என்று எழுதிவிட்டார். மேலறைகள் உண்மையில் லப்புக்கு முன்னாலேயே சுருங்கிவிடும். கேட்டது சரி, கணக்கில் ஏற்றிய தலைப்பு தப்பு! 1832ல் ஜோசப் ருவானே என்ற இளைஞர் தன் ஆய்வேட்டில், இரண்டுமே வால்வு மூடும்போது வரும் சத்தங்கள் என்றார். அதற்கப்புறமும் சண்டை ஓயவில்லை. எப்படி ஓயும்? அவ்வளவு பேரிடமும் இருந்தது காது மட்டும்தானே.

முதல் வவுச்சர் ஒரு டச்சுக்காரரிடமிருந்து வந்தது. எங்கள் பிராஞ்சிலிருந்து நடந்து போகிற தூரத்தில் டச்சு பேலஸ் இருக்கிறது. (போர்த்துகீசியர் 1555ல் கட்டி, டச்சுக்காரர் 1663ல் பழுது பார்த்தது. பேர் மட்டும் பழுது பார்த்தவருக்குப் போய்விட்டது.) கொச்சியை 1795 வரை வைத்திருந்த அதே டச்சுக்காரர்கள் ஜாவாவையும் வைத்திருந்தார்கள். அந்த ஜாவாவின் செமராங் ஊரில் 1860ல் பிறந்தவர் வில்லெம் ஐந்தோவன். அப்பா அங்கே டாக்டர். அப்பா இறந்தபின் 1870ல் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹாலந்தில் உட்ரெக்டுக்குக் குடிபெயர்ந்தார். நம்மைப் போல் ஊர் மாறின குடும்பம்தான்.

ஐந்தோவனை ஈ.சி.ஜி.யின் தகப்பன் என்று தெரியும், அதற்காக 1924ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், 1894ல், லைடன் நகரத்தில் கெலுக் என்பவரோடு சேர்ந்து இதயத்தின் சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார். நெஞ்சுச் சத்தத்தை மைக்ரோஃபோனில் மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தில் ஒரு மெல்லிய குழாயில் இருக்கும் பாதரசம் ஏறி இறங்க, அதன் நிழலை ஓடும் போட்டோ தகட்டில் பிடித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ஹ்யூர்த்லே என்பவர் மைக்ரோஃபோன் மின்சாரத்தைத் தவளையின் நரம்புக்குக் கொடுத்து, தவளைத் தசை துடிப்பதை வைத்து இதயச் சத்தத்தை வரைந்தார். பாவம் தவளை.

அப்புறம் ஐந்தோவன் தன் புகழ்பெற்ற கால்வனோமீட்டரைச் செய்தார். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்று காந்தத்துக்கு நடுவே அதிரும். கருவி கிட்டத்தட்ட 270 கிலோ, இயக்க ஐந்து பேர். 1907ல் அதே கருவியில் இதயச் சத்தத்தை மறுபடி பதிவு செய்தபோது, டப்புக்கு அப்புறம் மூன்றாவதாக ஒரு சின்ன அதிர்வு சீட்டில் வந்தது. கொஞ்ச பேர் காதில் லேசாகக் கேட்டுச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது கோடாகக் கையில் இருந்தது. வெனிஸ்காரர் உயிரோடு இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இப்போது கொஞ்சம் சுருதி விஷயம். போரடித்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், ஆனால் கதையின் முடிச்சு இங்கேதான். மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பி கும்மென்று கேட்கும். இதயத்தின் சத்தங்கள் பெரும்பாலும் தொப்பிப் பக்கம். லப்பும் டப்பும் ஏறக்குறைய 20 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடு. அதற்குக் கொஞ்சம் மேலேயும் மந்தம்தான். இதயம் நெஞ்சுச் சுவரை ஆட்டுவதில் பெரும்பகுதி அந்தக் கேட்காத பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக ஒரே துடிப்புக்கு மூன்று விதமான தடயம். காதுக்கு எட்டுகிற பகுதியை வரைந்தால் ஃபோனோகார்டியோகிராம். நெஞ்செலும்பின் மேல் வைத்த சென்சார் சுவரின் ஆட்டத்தைப் பிடித்தால் சைஸ்மோகார்டியோகிராம், பூகம்பம் அளப்பது மாதிரி. எடை மெஷினில் நான் பார்த்தது முழு உடம்பும் ஆடுவது, அதற்கு பாலிஸ்டோகார்டியோகிராம் என்று பேர்.

அக்காவுக்கு இருந்தது மைட்ரல் வால்வு சுருக்கம். ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு. தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் மூட்டையும் வால்வையுமே தாக்கிவிடுகிறது. மூட்டு பழையபடி ஆகிவிடும், வால்வு ஆகாது. அந்தச் சுருங்கிய வாசல் வழியாக ரத்தம் இறங்கும்போது வரும் சத்தம், மர்மர்களிலேயே தாழ்ந்த சுருதி கொண்டது. தூரத்தில் இடி உருளுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். நோயாளியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணி போன்ற பக்கத்தை லேசாக வைத்து, அமைதியான அறையில் கேட்டால்தான் பிடிபடும். காது எங்கே மந்தமோ அங்கேயே போய் ஒளிந்திருக்கிற சத்தம். பத்து விநாடியில், சேலைக்கு மேல், நாற்பது பேர் இருமுகிற சத்தத்துக்கு நடுவே கேட்குமா?

கேட்காது. ஆனால் தொட்டால் தெரியும்! இதைச் சொல்லிக்கொடுத்தவர் காது கேளாத ஒரு அம்மா.

ஹெலன் டாசிக், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இதய டாக்டர். அவருக்குச் செவித்திறன் குறைந்துகொண்டே போனது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பிழைக்கும் தொழிலில் காது போனால் என்ன செய்வது? ஒலி பெருக்கும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். அதோடு, குழந்தையின் நெஞ்சில் விரல் நுனிகளை வைத்து அதிர்வைப் படிக்கப் பழகிக்கொண்டார். மற்றவர்கள் காதால் கேட்டதை அவர் விரலால் கேட்டார். 1944 நவம்பரில் அங்கே நடந்த ‘நீலக் குழந்தை’ ஆபரேஷனின் யோசனை இவருடையதுதான். கத்தி பிடித்தவர் பிளாலாக், வழி சொல்லிக்கொண்டு பின்னால் நின்றவர் விவியன் தாமஸ். விரல் நுனி என்பதும் ஒரு சென்சார்தானே, காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வைக்கூட அது பிடித்துவிடும்.

அந்த டாசிக்கிடம் படித்தவர்களில் ஒருவர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. பேரைப் பார்த்தாலே நம்ம பக்கம் என்று தெரியும். 1917ல் பர்மாவில் பிறந்தவர். அப்பா அங்கே வக்கீல். ரங்கூன் மெடிக்கல் காலேஜில் படித்து முடித்த சமயம் ஜப்பான்காரன் குண்டு போட, 1942ல் அம்மா, சகோதரிகளோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். ஆண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், யுத்தம் முடியும் வரை அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. பர்மா அகதிகள் கதை நம் வீடுகளில் நிறைய உண்டு, பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து 1949ல் லண்டன், பிறகு ஸ்வீடன், பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாசிக், ஹார்வர்டில் பால் டட்லி வொயிட். திரும்பி வந்து டெல்லி லேடி ஹார்டிங்கே காலேஜில் சேர்ந்து, 1954ல் இதய நோய்ப் பிரிவும் கதீட்டர் லேபும் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இதய டாக்டர். ருமாட்டிக் இதய நோயோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். சாணி வரட்டிப் புகையில் சமைக்கும் பெண்களின் நுரையீரல் கெட்டு அது இதயத்தை எப்படித் தாக்குகிறது என்றும் 1950களிலேயே எழுதினார். பத்ம விபூஷண் 1992ல். 2020 ஆகஸ்டில், 103 வயசில், கொரோனாவில் போனார். வயசான காலத்திலும் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. டாசிக்கின் விரலிலிருந்து டெல்லிப் பெண்களின் நெஞ்சு வரை வந்த ஒரு கைப்பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி ஒருவர் எங்கள் ஊருக்கு ஒரு நாள் வந்திருக்கக் கூடாதா என்றும் நினைப்பேன்.

சரி, கருவிகளுக்கு வருவோம். கார்டனின் எடை மெஷின் விளையாட்டை உருப்படியான கருவியாக்கியவர் பென்சில்வேனியாவின் ஐசக் ஸ்டார், 1939ல். மேல்கூரையிலிருந்து கம்பியில் மேஜையைத் தொங்கவிட்டு, அதில் ஆளைப் படுக்க வைத்து, மேஜை ஆடுவதை வரைந்தார். ஆட்டத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அர்த்தம் தெரிய, பிணங்களின் ரத்தக்குழாயில் திரவத்தைத் துடிப்பு மாதிரியே செலுத்தி மேஜை எப்படி ஆடுகிறது என்றும் பார்த்தார். 1957ல் லாஸ்கர் விருது. ஆரோக்கியமாக இருந்தபோது பதிவு செய்தவர்களை இருபது வருஷம் தொடர்ந்து கவனித்து, யாருடைய ஆட்டம் பலவீனமாக இருந்ததோ அவர்களுக்குத்தான் பிற்பாடு இதய நோய் அதிகம் வந்தது என்று 1961ல் எழுதினார். பழைய லெட்ஜரை எடுத்து வைத்து அசலும் வட்டியும் டேலி செய்கிற வேலை. இந்த மாதிரி ஆளைப் பார்த்தால் எனக்கு மரியாதை தானாக வரும்.

லண்டனில் ஆப்ரி லீதம் 1950களில் ஃபோனோகார்டியோகிராமை வைத்து இன்னொரு காரியம் செய்தார். டப் என்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. அயோர்ட்டா வால்வு முதலில் மூடும், நுரையீரல் பக்கத்து வால்வு அடுத்து. மூச்சை இழுத்தால் இரண்டுக்கும் இடைவெளி கூடும், விட்டால் சேர்ந்துகொள்ளும். விநாடியில் நூறில் சில பங்குதான் இந்த இடைவெளி. காகிதத்தில் கோடாகப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், அதுவரை கேட்காதது கேட்க ஆரம்பித்தது. வவுச்சர் காதுக்குப் பாடம் எடுத்தது. ஒரு தலைமுறை டாக்டர்கள் இந்தப் படங்களை வைத்துத்தான் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ஆனால் ஃபோனோவுக்கும் பாலிஸ்டோவுக்கும் ஆயுசு கெட்டியில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற இதய டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகக்காரரும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கடன் வாங்கி, 1953ல் இதயத்தைப் பார்த்தார்கள். எக்கோ பிறந்தது. (எங்கள் கொச்சி ஷிப்யார்டைத் தாண்டும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.) வால்வையே கண்ணால் பார்க்க முடிகிறபோது அதன் சத்தத்தை ஏன் வரைய வேண்டும்? 1970, 80களில் ஃபோனோ மெஷின்கள் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தன.

காது எவ்வளவு கோட்டை விடுகிறது என்பதும் எக்கோ வந்தபிறகுதான் முழுசாகத் தெரிந்தது. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2007ல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குத்தான் ருமாட்டிக் இதய நோய் தெரிந்தது. அதே பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்தபோது கம்போடியாவில் ஆயிரத்துக்கு 21க்கு மேல், மொசாம்பிக்கில் 30. பத்தில் ஒன்றைத்தான் காது பிடித்திருக்கிறது. பேங்கில் இப்படி ஒரு ஆடிட் ரிப்போர்ட் வந்தால் பிராஞ்சையே மூடிவிடுவார்கள். இதைப் படித்த அன்றுதான் எங்கள் ஊர் டாக்டர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி அந்தச் சேலைக்காக.

அக்காவுக்குப் பிரசவம் ஆனதே பெரிய பாடு. ஆக்சிஜன், ஓட்டம், ராத்திரியில் கார் தேடி அலைந்தது, அதெல்லாம் வேண்டாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சென்னையில் வயசான ஒரு டாக்டர் பார்த்தார். நர்ஸைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அக்காவை இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. முதலில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். “இது எத்தனை வருஷமா இருக்கும்மா?” என்று கேட்டார். அத்தனைக்கும் அவர் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்தில் கொஞ்ச நாள் ஓட்டி, 2001ல் வால்வு மாற்றினார்கள். வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் வலியத்தானும் எஞ்சினியர் புவனேஷ்வரும் சேர்ந்து உருவாக்கியது. முதல் மூன்று மாடல்கள் தோற்றன, நீலக்கல் படிகத்தில் செய்த தட்டுகூட உடைந்தது. கடைசியில் உலோகச் சட்டத்துக்குள் ஒருவகை பாலிஎத்திலீன் தட்டு வைத்த மாடல் ஜெயித்து, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கு இதுதான் கதி. தயாரிப்பது டி.டி.கே., ஆமாம், பிரெஸ்டீஜ் குக்கர்காரர்கள்! “வால்வு விஷயம் அவங்களுக்குத் தெரியாதா” என்று அம்மா சொன்னதைக் கேட்டு ஆபரேஷனுக்கு முதல் நாள் அக்காவே சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, ஃபேனை நிறுத்தியதும் கேட்டது. டிக். டிக். டிக். சுவர்க்கடிகாரம் இல்லை, அக்கா. தட்டு மூடும் சத்தம். ஒரு காலத்தில் மணி வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்துக் கேட்க வேண்டியிருந்த அதே வால்வு, இப்போது பக்கத்து அறை வரை கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், தூக்கம் வரவில்லை. ஒரு மாசம் கழித்து அந்தச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை என்றாள். நான் ஒருநாள் கணக்குப் போட்டேன், நிமிஷத்துக்கு 72 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 3.8 கோடி டிக். இருபத்து சொச்சம் வருஷமாக, ஒரு என்ட்ரி விட்டுப்போகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன, அது தனிக் கதை.

வலியத்தான் 2024 ஜூலையில் இறந்த செய்தியை அக்காவுக்கு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. லைனில் அந்த டிக் கேட்கிறதா என்று கவனித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

தோற்றுப்போன அந்தப் பழைய கருவிகள் இப்போது வேறு வழியில் திரும்பி வந்திருக்கின்றன. 1990 வாக்கில் ஸனெட்டி, சாலெர்னோ என்ற இருவர் பூகம்பம் அளக்கும் நுட்பத்தை நெஞ்செலும்பின் மேல் கொண்டுவந்து சைஸ்மோகார்டியோகிராமுக்கு உயிர் கொடுத்தார்கள். அப்போது சென்சார் பெரிசு, விலையும் பெரிசு. இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் அது இருக்கிறது. போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதைச் செய்யும் ஆக்ஸலரோமீட்டர்தான். மிளகை விடச் சின்ன சில்லு. மல்லாந்து படுத்து, போனை நெஞ்செலும்பின் மேல் வைத்தால் இதயத்தின் ஆட்டம் அதில் விழும். பின்லாந்தில் துர்கு நகரத்தில் 300 பேர் நெஞ்சில் இப்படிப் போனை வைத்து, ஒழுங்கில்லாத துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்ததாக 2018ல் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் ஆரம்பிக்காதீர்கள். வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க எக்கோதான். ஊரில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால், வேப்பெண்ணெயோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். போனில் பேசும்போது சொல்லிவிடுங்கள், அது போதும். தொடர்ந்து போடும் பெனிசிலின் ஊசியில் வால்வைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

எடை மெஷின் கதையை அக்கா பையனிடம் சொன்னேன். அவன்தான் 1998ல் பிறந்தவன், பெங்களூரில் சாஃப்ட்வேர். போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி வந்திருந்தான். “மாமா, மெஷின் எதுக்கு, இதுல பாக்கலாம்” என்று ஒரு ஆப்பை இறக்கினான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காவை சோபாவில் படுக்க வைத்து, போனை நெஞ்சில் வைத்தான். வைக்கும் முன் சேலைத் தலைப்பைச் சற்று விலக்கிவிட்டு என் மனைவிதான் வைத்தாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கோடு வந்தது. மேடும் பள்ளமுமாக அலை, அதில் துடிப்புக்கு ஒரு இடத்தில் ஊசி மாதிரி ஒரு குத்து. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். டிக் கேட்கிற அதே நேரத்தில் குத்து ஏறியது.

“என்னடா தெரியுது?” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

“தட்டு மூடறதும்மா” என்றான் அவன்.

“அது இருக்கட்டும். பால் காய வெச்சேன், யாராவது பாருங்க.”